தகுதிச் சான்றும் இடர் மதிப்பீடும்: வடசென்னைத் தொழிற்பகுதியில் நாட்பட்ட நோயுற்ற தொழிலாளர்

ஆய்வுச் சுருக்கம்

நாட்பட்ட நோயுள்ள ஒரு தொழிலாளிக்கு அவர் பார்க்கும் வேலை எத்தகைய இடரைத் தருகிறது? இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் வடசென்னைத் துறைமுக, ஆலைப் பகுதியில் இவ்வினா எப்போது, எவரால், எந்த ஆவணத்தின் வழியாக எழுப்பப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொழிற்சாலைச் சட்டங்கள், இழப்பீட்டுச் சட்டம், காப்பீட்டுச் சட்டம், நீதிமன்றத் தீர்ப்புகள், 1959-இல் வெளிவந்த சென்னைக் காசநோய் ஆய்வு ஆகியன முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. தொழிலாளியின் உடலை அளந்த அளவுக்குச் சட்டம் அவருடைய வேலையை அளக்கவில்லை என்பதும், நோயையும் வாழ்நிலையையும் ஒருசேர மதிப்பிடும் அறிவு இந்நகரிலேயே தோன்றியும் அது ஆலை வாயிலைக் கடக்கவில்லை என்பதும் இதன் வாதங்கள்.

திறவுச்சொற்கள்: வடசென்னை, தொழிலாளர் நலம், இடர் மதிப்பீடு, தகுதிச் சான்று, காசநோய், நீரிழிவு, தொழிலாளர் அரசுக் காப்பீடு, ஒப்பந்தத் தொழிலாளர்.

முன்னுரை

பணியிட இடர் மதிப்பீடு என்பது, ஒரு வேலையில் தீங்கு விளைவிக்கக் கூடியவை எவை, அவற்றால் எவருக்கு எவ்வளவு தீங்கு நேரலாம், அதைக் குறைக்க என்ன செய்ய வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே ஆராய்ந்து எழுதிவைக்கும் முறை. இதில் 'எவருக்கு' என்னும் சொல்லே இக்கட்டுரையின் மையம். ஒரே ஏணி, ஒரே உலை, ஒரே இரவுப்பணி எல்லார்க்கும் ஒரே அளவு இடரைத் தருவதில்லை. வலிப்பு நோயுள்ளவருக்கு ஏணியும், இதய நோயுள்ளவருக்கு உலையும், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவருக்கு இரவுப்பணியும் வேறு பொருள் தருவன. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1989-இல் பிறப்பித்த நெறியாணையும், அதையொட்டிப் பிரித்தானியாவில் 1992-இல் வந்த விதிகளும் இம்மதிப்பீட்டை முதலாளியின் சட்டக் கடமையாக்கின. அதற்கு முன்னரே, 1985-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 161ஆம் உடன்படிக்கை, தொழிலாளரின் உடல், மன நிலைக்கேற்ப வேலையைத் தகவமைப்பதைத் தொழில்சார் மருத்துவப் பணியின் நோக்கங்களுள் ஒன்றாக வரையறுத்தது. இந்தியா அதற்கு இன்னும் ஒப்புதல் அளிக்கவில்லை.

இவ்வினாவை வைத்துப் பார்க்க வடசென்னை பொருத்தமான களம். 1856-இல் இராயபுரம் தொடர்வண்டி நிலையம் திறக்கப்பட்டது. 1870களின் நடுவில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கி, 1905-இல் துறைமுகப் பொறுப்புக் கழகம் அமைந்தது. மேற்கே பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் கால் பகுதியில் எழுந்தன. விடுதலைக்குப் பின் வளர்ச்சி வடக்கு நோக்கி நகர்ந்தது. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ், திருவொற்றியூரில் 1950களில் என்ஃபீல்டு இந்தியா, கார்போரண்டம் யுனிவர்சல், பின்னர் எம்.ஆர்.எஃப்., மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரத் தொழிற்சாலைகள், 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் என அது தொடர்ந்தது. பஞ்சுத் தூசு, நிலக்கரித் தூசு, வார்ப்பு மணல், அமோனியா, உலை வெப்பம், சுழல்முறைப் பணி ஆகிய அனைத்தும் சில கல் தொலைவுக்குள் அடங்கிய நிலப்பரப்பு இது. தொழிலாளரும் அதே நிலப்பரப்பிலேயே குடியிருந்தனர். ஆகவே வேலையில் பட்ட தூசு எது, வீட்டில் பட்ட தூசு எது என்று பிரிப்பதும் இங்கே எளிதன்று.

ஆலைக்குள் நுழைந்த மருத்துவர்

இந்திய ஆலைக்குள் சட்டத்தின் பெயரால் மருத்துவர் நுழைந்தது நோயாளியைத் தேடியன்று. குழந்தையின் வயதைத் தேடி. 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்டோரை ஆலைவேலையிலிருந்து விலக்கியது. 1891ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வெல்லையை ஒன்பதாக உயர்த்தியது. பிறப்புச் சான்று அரிதாயிருந்த காலத்தில், பல்லையும் உயரத்தையும் பார்த்து வயதை உறுதிசெய்யச் சான்றளிக்கும் மருத்துவர் தேவைப்பட்டார். 'தகுதி', 'தகுதியின்மை' என்னும் இருமைச் சொல்லாட்சி இவ்வாறு பிறந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சான்றளிக்கும் மருத்துவரின் கடமைகளை விரிவாக்கி, அபாயகரமான தொழில்களில் ஈடுபடுவோரின் பரிசோதனையையும் அவரிடம் ஒப்படைத்தது. ஆயினும் அவரிடம் கேட்கப்பட்ட வினா மாறவில்லை: இவர் தகுதியுடையவரா, இல்லையா? இந்த வேலையை எப்படி மாற்றினால் இவர் தகுதியுடையவர் ஆவார் என்று கேட்கச் சட்டம் அவரைப் பணிக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வழி காலனியச் சட்டத்திலேயே இருந்தது என்பது கவனத்திற்குரியது. தீப்பெட்டித் தொழிலில் பயன்பட்ட வெள்ளைப் பாஸ்பரஸ் தொழிலாளரின் தாடை எலும்பை அரித்தது. 1906ஆம் ஆண்டு பெர்ன் உடன்படிக்கையைப் பின்பற்றி, இந்திய அரசு 1913-இல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டத்தை இயற்றியது. பல் சொத்தையுள்ள தொழிலாளியை விலக்கிவிட்டு நச்சை அப்படியே வைத்துக்கொள்ளும் முறையை அச்சட்டம் ஏற்கவில்லை, நச்சையே விலக்கிற்று. பிற்காலத்தில் திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை இயங்கியபோது அந்நச்சு சட்டப்படி நாட்டில் இல்லை. இடரை அதன் ஊற்றுக்கண்ணிலேயே நீக்குதல் என இன்றைய பாதுகாப்பியல் முதன்மைப்படுத்தும் நெறிக்கு இதனினும் தெளிவான பழைய சான்று இந்தியச் சட்டத்தில் அரிது.

ஆனால் அது விதிவிலக்காகவே நின்றுவிட்டது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஆந்த்ராக்ஸ், ஈய நச்சு, பாஸ்பரஸ் நச்சு போன்ற மிகச் சில நோய்களையே தொழில்சார் நோய்களாக ஏற்றது. அட்டவணை பின்னர் நீண்டது. எனினும் அதன் தருக்கம் ஒன்றே. வேலையால் வந்த நோய் எனில் இழப்பீடு உண்டு. வேறு காரணத்தால் வந்து வேலையால் முற்றிய நோய் எனில் மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தலைமேல். சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு ஆகியன இந்த இரண்டாம் வகையில் விழுந்தன. மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் நோய்களே சட்டத்தின் கண்ணில் படாதவையாயின.

காப்பீடு தந்ததும் தராததும்

விட்லி தலைமையிலான அரச ஆணையம் 1931-இல் அளித்த அறிக்கை தொழிலாளர் நோய்க்காலக் காப்பீடு குறித்த விவாதத்தைக் கூர்மையாக்கியது. பி.பி. அடார்கர் 1944-இல் அளித்த திட்டத்தின் அடிப்படையில் 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறிற்று. 1952-இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய திட்டம் 1955 முதல் தமிழ்நாட்டுக்கு வந்தது.

இச்சட்டம் நோயுற்ற தொழிலாளிக்கு இரண்டைத் தந்தது. ஒன்று மருத்துவமும் பணமும்: இன்றைய விதிப்படி ஆண்டுக்கு 91 நாள் வரை நோய்க்காலப் பயனும், காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட 34 நெடுநோய்களுக்கு ஈராண்டு வரை நீட்டித்த பயனும் உண்டு. மற்றொன்று 73ஆம் பிரிவின் காப்பு: நோய்க்காலப் பயன் பெறும் காலத்திலும், முறையாகச் சான்றளிக்கப்பட்ட நோயால் வேலைக்கு வராத காலத்திலும் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ முதலாளிக்கு உரிமையில்லை. ஈட்டிய விடுப்பும் கையிருப்பும் கரைந்ததும் வேலையைவிட்டு ஊருக்குத் திரும்புவதே நெடுநோயாளியின் விதியாயிருந்த காலத்தில் இது பெரும் பேறு.

எனினும் சட்டம் நோயாளியை வேலைக்கு வெளியே மட்டுமே பார்த்தது. படுக்கையில் இருக்கும்வரை பயன் உண்டு. 'வேலைக்குத் தகுதி' என்று சான்று பெற்ற நாளில் அவர் பழைய இயந்திரத்துக்கே திரும்ப வேண்டும். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட நிலை, அதாவது குணமடைந்தும் முழு வலிமை பெறாத, அல்லது என்றுமே முழுதாகக் குணமாகாத நோயோடு வேலை செய்யும் நிலை, சட்டத்தில் பெயர்பெறவில்லை. ஆலை வழக்கில் அதற்கு 'லைட் வேலை' என்னும் பெயர் இருந்தது. மேற்பார்வையாளரின் மனமும் தொழிற்சங்கத்தின் பேச்சும் ஒத்துவந்தால் கிடைத்த அது, ஆவணத்தில் எழுதப்படாத ஓர் இடர் மதிப்பீடேயாகும். எழுதப்படாமையால் மறுக்கப்பட்டபோது முறையிடவும் வழியின்றிப் போயிற்று.

தொழிற்தகராறுச் சட்டம் இந்நிலையை மேலும் இறுக்கிற்று. 1953ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட வரையறை, 'தொடர்ந்த உடல்நலக் குறைவு' காரணமாகப் பணிநீக்கம் செய்வதை ஆட்குறைப்பு என்னும் கருத்தாக்கத்திலிருந்து விலக்கியது. ஆட்குறைப்புக்கு முன்னறிவிப்பும், பணியாண்டு ஒன்றுக்குப் பதினைந்து நாள் சராசரி ஊதியமும் உண்டு. நோயால் நீக்கப்படுபவருக்கு அவ்வுரிமை இல்லை. இயந்திரம் வந்ததால் வேலையிழந்தவருக்குக் கிடைப்பது, அவ்வியந்திரத்தருகே நின்று நுரையீரல் கெட்டவருக்குக் கிடைக்கவில்லை. 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அவ்விலக்கு நீடிக்கிறது.

இரு மருத்துவர், இரு சான்று

பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் எழுந்த ஒரு வழக்கு மேற்கண்ட சிக்கலை முழுமையாக வெளிப்படுத்துகிறது. 1918-இல் வாடியா, திரு.வி.க. முதலியோரின் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றக் களமாயிருந்த அதே ஆலை இது. 1950களின் பிற்பகுதியில் அங்குப் பணியாற்றிய ஒருவர் சில நாள் விடுப்பில் வெளியூர் சென்றார். குறித்த நாளில் திரும்பவில்லை. ஏறத்தாழ இரு மாதங்களுக்குப் பின், தாம் நோயுற்றிருந்ததாக அரசு மருத்துவரின் சான்றை அனுப்பினார். ஆலையின் மருத்துவ அலுவலர் அவரைப் பரிசோதித்து, அவ்வளவு காலம் அவர் நோயுற்றிருந்தார் என்பதை உறுதிசெய்ய இயலவில்லை என்றார். விடுப்பின்றித் தொடர்ந்து எட்டு வேலைநாள் வராதவர் தாமாகவே பணியைவிட்டு நீங்கியவராகக் கருதப்படுவார் என்பது ஆலையின் நிலையாணை. நிர்வாகம் அதைப் பயன்படுத்தியது. காப்பீட்டுக் கழகமோ அதே சான்றை ஏற்று நோய்க்காலப் பயன் வழங்கியிருந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 73ஆம் பிரிவு நோயுற்ற தொழிலாளியைக் காப்பதால் இந்நீக்கம் செல்லாது என்பது தொழிலாளி தரப்பு. நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. அப்பிரிவு தடுப்பது, பயன்பெறும் காலத்தினிடையே முதலாளி எடுக்கும் நீக்க, தண்டனை நடவடிக்கையை; நிலையாணையின்படி தாமாகவே நிகழும் பணிமுடிவை அது தொடவில்லை என்று தீர்ப்பு பொருள்கொண்டது. 1964ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்புகளில் இடம்பெற்ற இத்தீர்ப்பு, நெடுநாள் வராமை பற்றிய பிற்கால வழக்குகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது.

சட்ட நுணுக்கத்தை ஒருபுறம் வைத்து வரலாற்று நோக்கில் பார்த்தால் இவ்வழக்கில் வேறொன்று புலப்படும். ஒரே உடலைப் பற்றி மூன்று நிறுவனங்கள் பேசின. அரசு மருத்துவர் நோய் இருந்தது என்றார். காப்பீட்டுக் கழகம் அதை நம்பிப் பணம் தந்தது. ஆலை மருத்துவர் உறுதிசெய்ய இயலாது என்றார். மூவரும் பேசியது கடந்தகாலத்தைப் பற்றியே. அவர் இனி எந்தப் பிரிவில், எத்தனை மணி நேரம், எந்தத் தூசிலும் வெப்பத்திலும் பணியாற்ற இயலும் என்பது வழக்கின் எந்தக் கட்டத்திலும் வினாவாகவில்லை. நோய் மெய்யா பொய்யா என்னும் ஐயமே விவாதம் முழுதையும் விழுங்கிவிட்டது. மருத்துவச் சான்று, சிகிச்சைக் கருவி என்னும் நிலையிலிருந்து வருகையை மெய்ப்பிக்கும் சாட்சியாகச் சுருங்கியதை இதில் காணலாம். சான்றை ஐயுறுவதற்கு நிர்வாகத்துக்குக் காரணங்கள் இருந்திருக்கக்கூடும். விழாக்காலங்களில் ஆலைகள் வெறிச்சோடியதும் உண்மையே. ஆனால் ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பை எட்டு நாள் கணக்கிடம் ஒப்படைத்தது, குறுகிய காய்ச்சலையும் நெடுநோயையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டதாகும்.

சேத்துப்பட்டுச் சான்று

இவ்வழக்குக்குக் காரணமான நிகழ்வுகள் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே நகரில், நெடுநோயாளியை முற்றிலும் வேறு வகையில் நோக்கிய முயற்சி ஒன்று நடந்தது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன இணைந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் அதன் தொடக்ககால ஆய்வுகளை வழிநடத்தினார். சென்னை நகரின் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் நல்லுணவோடும் ஓய்வோடும் சிகிச்சை பெற்றனர். மற்றவர் அதே மருந்துகளை வீட்டிலிருந்தே உட்கொண்டனர். 1959-இல் வெளியான முடிவு உலகக் காசநோய்க் கொள்கையை மாற்றியது. வீட்டிலிருந்தோர் குறைந்த உணவு உண்டு, கூடுதலாக உழைத்து, நெரிசலில் வாழ்ந்தபோதும், சிகிச்சைப் பயனில் சானடோரியத்தாரோடு ஏறக்குறைய இணையாக நின்றனர். வீட்டாருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவில்லை என்பதைத் தொடர் கண்காணிப்பு காட்டிற்று.

இவ்வாய்வு மருத்துவ வரலாற்றில் பெரிதும் பேசப்பட்டது. தொழிலாளர் வரலாற்றில் போதிய அளவு பேசப்படவில்லை. அதன் உட்பொருள் தொழிலாளர்க்கு மிக நெருக்கமானது. காசநோயாளி ஆண்டுக்கணக்கில் சமூகத்திலிருந்து விலக்கப்பட வேண்டியவர் என்னும் நம்பிக்கையை அது தகர்த்தது. மருந்து தொடங்கிச் சில காலத்தில் அவர் பிறரோடு வாழலாம் எனில், பிறரோடு வேலையும் செய்யலாம். ஆகவே வினா, 'இவரால் பிறருக்கு ஆபத்தா?' என்பதிலிருந்து 'இவ்வேலையால் இவருக்கு ஆபத்தா?' என்பதற்கு நகர்ந்திருக்க வேண்டும்.

வடசென்னையில் அவ்வினாவுக்குத் தெளிவான மருத்துவ விடையும் உண்டு. வார்ப்பாலை மணலிலும் சாணைக்கல் தொழிலிலும் மணற்கல் வேலையிலும் எழும் சிலிக்காத் துகள் நுரையீரலின் தற்காப்பைக் குலைக்கிறது. சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றுவதும் மீள்வதும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. எனவே காசநோயிலிருந்து மீண்ட ஒருவரைப் பொருள்வைப்பகத்துக்கோ ஆய்வுப் பிரிவுக்கோ மாற்றுவது இரக்கச் செயலன்று. நோய் மீளாமல் தடுக்கும் அடிப்படை நடவடிக்கை. அதே ஒருவரை வேலையிலிருந்தே நீக்குவது அறிவியல் அடிப்படையற்றது. இவ்வேறுபாட்டை எழுத்தில் வடிக்கும் ஆவணமே இடர் மதிப்பீடு. தொழிற்சாலைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு சிலிக்கோசிஸ் போன்ற அட்டவணை நோய்களை மருத்துவர் அறிவிக்க வேண்டும் என்றது. நோய் வந்தபின் அனுப்பப்படும் அறிவிப்பு அது. காசநோய் வரலாறு உள்ளவரைச் சிலிக்காவிலிருந்து முன்னரே விலக்கிவைக்க அப்பிரிவில் வழியில்லை.

துறைமுகம்

துறைமுகத்தில் நிலை சற்று வேறு. 1948ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ச் சென்னையில் துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்தபோது, மேஸ்திரியின் கைவிரலைப் பார்த்து நின்ற நாட்கூலிகள் பதிவுபெற்ற தொழிலாளர் ஆயினர். பதிவு என்பது பெயர், அட்டை, குறைந்தபட்ச உறுதியூதியம் ஆகியவற்றோடு மருத்துவ உதவியையும் தந்தது. ஆனால் வேலை குழுவாகச் செய்யப்பட்டது. மூட்டை தூக்கும் குழுவில் ஒருவர் தளர்ந்தால் குழு முழுவதும் தளரும். ஆகவே நோயை மறைக்கும் உந்துதல் நிர்வாகத்தைப் பற்றிய அச்சத்தால் மட்டுமன்றி உடன்வேலையாளர் மேலுள்ள நாணத்தாலும் எழுந்தது எனக் கருத இடமுண்டு. 1986-இல் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்பு, நலவாழ்வு, நல்வாழ்வுச் சட்டமும் 1990-இல் அதன் ஒழுங்குமுறைகளும் வந்தன.

2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது கையாளுவதை நிறுத்தப் பணித்தது. இராயபுரம் சார்ந்த குடியிருப்போரின் மூச்சுத் துயரம் அவ்வழக்கில் எடையிட்டது. 1913ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போல இதுவும் இடரை ஊற்றுக்கண்ணில் நீக்கியதே. வேறுபாடு, நிலக்கரி மறையவில்லை, எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம்பெயர்ந்தது என்பது.

போபாலுக்குப் பின்

'இடர்' என்னும் கருத்து இந்தியத் தொழிற்சட்டத்தில் வலுப்பெற்றது 1984 போபால் பேரழிவுக்குப் பின்னரே. 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 4அ இயல் சேர்க்கப்பட்டது. 1989-இல் அபாயகரமான வேதிப்பொருள் விதிகள் வந்தன. மணலி, எண்ணூர் வேதித் தொழிற்சாலைகள் இவற்றின் நேரடி வரம்புக்குள் வந்தன. பாதுகாப்பு அறிக்கை, நெருக்கடிகாலத் திட்டம் ஆகியவை கட்டாயமாயின. இந்தப் பிறப்பே அச்சொல்லின் பொருளையும் குறுக்கியது. இடர் என்றால் வெடிப்பு, கசிவு, தீ; அதாவது ஒரு நாளில் பலரைக் கொல்வது. பல ஆண்டுகளில் ஒருவரைத் தேய்ப்பது அச்சொல்லுக்கு வெளியே நின்றது.

ஆயினும் 41இ பிரிவு ஒரு புதிய கதவைத் திறந்தது. தீங்கு தரும் பொருளோடு பணியாற்றுவோரின் உடல்நல ஏடுகளை முதலாளி பேண வேண்டும். அவற்றைத் தொழிலாளி பார்க்கலாம். பணியமர்த்தும் முன்னரும், பணியின்போது பன்னிரண்டு மாதத்துக்கு மிகாத இடைவெளியிலும், அப்பணி நீங்கிய பின்னரும் பரிசோதனை வேண்டும் என்றது அது. தம் உடலைப் பற்றிய ஏட்டைத் தாமே பார்க்கும் உரிமை சிறியதன்று. 1995 சனவரியில் நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த அஸ்பெஸ்டாஸ் வழக்கில், தொழிலாளியின் உடல்நல உரிமை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் கூறியது. உடல்நல ஏடுகளைப் பணி தொடங்கியதிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் எனவும் பணித்தது.

நோயுற்றவரை நீக்குதல் குறித்த நீதிமன்றப் பார்வையும் இக்காலத்தில் மாறத் தொடங்கியது. பார்வை குறைந்த இராசத்தான் அரசுப் பேருந்து ஓட்டுநர் வழக்கில் (1991), அந்நீக்கம் ஆட்குறைப்பாகாது என்ற உச்ச நீதிமன்றம், தொழிலே பார்வையைக் கெடுத்திருப்பதால் மாற்றுப்பணியோ கூடுதல் இழப்பீடோ தர வேண்டும் என்றது. 1997-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், எச்.ஐ.வி. தொற்றுள்ள தற்காலிகத் தொழிலாளி ஒருவர் வழக்கில், வேலையைச் செய்ய இயன்றவரும் பிறருக்குத் தீங்கு தராதவருமான ஒருவரைத் தொற்றுக்காக மட்டும் விலக்கலாகாது என்றது. ஒவ்வொருவரையும் தனித்து மதிப்பிட வேண்டும் என்னும் கருத்து அங்கே நீதிமன்ற மொழியாயிற்று. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986-இல் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்த நகர் சென்னை என்பதை இங்கே நினைவுகூரலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்தவரை நீக்காமல் அதே ஊதியத்தில் மாற்றுப்பணி தரப் பணித்தது. குணால் சிங் வழக்கில் (2003) உச்ச நீதிமன்றம் அதை வலுவாக நிலைநாட்டியது. ஆனால் அப்பிரிவு அரசு சார்ந்த நிறுவனங்களையே கட்டுப்படுத்தியது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் அவ்வாறே. துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் நிலைத்த தொழிலாளிக்கு அக்காப்பு உண்டு. அதே தளத்தில் அதே சரக்கை இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இல்லை. 'மெடிக்கல் அன்ஃபிட்' என்னும் தொடர் முன்னவருக்கு மாற்றுப்பணியைக் குறிக்கலாம்; பின்னவருக்கு அது வேலையின் முடிவு.

சர்க்கரையும் சுழல்முறைப் பணியும்

2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நாட்பட்ட நரம்பியல் நோய்களும் சில இரத்த நோய்களும் அதில் உண்டு. நீரிழிவும் இதய நோயும் சிறுநீரக நோயும் காசநோயும் இல்லை. இராயபுரத்தை வைத்துப் பார்க்கையில் இதில் ஒரு முரண் உண்டு. இந்தியாவின் முதல் நீரிழிவுப் புறநோயாளர் பிரிவை மருத்துவர் மு. விசுவநாதன் 1948-இல் தொடங்கியது இங்குள்ள ஸ்டான்லி மருத்துவமனையில். 1954-இல் அவர் நிறுவிய நீரிழிவு மருத்துவமனையும் இராயபுரத்திலேயே. தொழிற்சாலைச் சட்டமும் காப்பீட்டுச் சட்டமும் பிறந்த அதே ஆண்டில், அதே வட்டாரத்தில், நெடுநோயை வாழ்நாள் முழுதும் மேலாளும் மருத்துவமும் பிறந்தது. இவை ஒன்றையொன்று சந்திக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வின் முதற்கட்டம் (2011) தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் 10.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டு எனக் காட்டியபோது, ஆலைகளின் ஒவ்வொரு ஷிப்டிலும் சிலரேனும் அந்நோயோடு நின்றிருப்பர் என்பது எளிய கணக்கு.

அவர்களுக்கான இடர் மதிப்பீடு பெரும் கருவி எதையும் வேண்டுவதன்று. உணவு நேரம் மாறும் இரவுப்பணி, சர்க்கரை தாழ்ந்தால் மயங்கிவிழக்கூடிய உயரப் பணி, உணர்விழந்த பாதத்தில் தைக்கும் உலோகச் சீவல், உலையருகே நீரிழப்பு, இன்சுலினைக் குளிராக வைக்க இடம் ஆகிய ஐந்தாறு வினாக்களுக்கு விடை எழுதினால் போதும். ஆனால் விடை எழுத வேண்டுமெனில் தொழிலாளி நோயை வெளியிட வேண்டும். நோயை வெளியிட்டால் வேலை நிலைக்கும் என்னும் உறுதி வேண்டும். அவ்வுறுதியின்றிக் கேட்கப்படும் மருத்துவப் படிவத்தில் 'இல்லை' என்னும் விடையே மிகுதியாக வரும். 73ஆம் பிரிவின் காப்பும் இன்று சுருங்கியுள்ளது. 2017 முதல் மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்பட்டோர் காப்பீட்டு வரம்புக்கு வெளியே நிற்பதால், பெருந்தொழிற்சாலைகளின் நிலைத்த தொழிலாளர் பலர் அதை இழந்துள்ளனர்; வரம்புக்குள் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கோ நீக்கம் தேவையேயில்லை, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமலிருந்தால் போதும்.

2020 பெருந்தொற்று இவ்வினாவை ஒருமுறை வெளிப்படையாக எழுப்பியது. அவ்வாண்டு மே மாதத்தில் சென்னையில் மிகுதியான தொற்றுகள் பதிவான மண்டலம் இராயபுரம். ஒன்றிய நலவாழ்வு அமைச்சகம் சூன் மாதத்தில் அலுவலகங்களுக்கு வெளியிட்ட நடைமுறை, முதியோர், கருவுற்றோர், ஏற்கெனவே நோயுள்ளோர் ஆகியோரை மக்களோடு நேரடித் தொடர்புள்ள முன்னிலைப் பணிகளில் இயன்றவரை ஈடுபடுத்த வேண்டாம் என்றது. நோயின் பெயரால் விலக்காமல், நோயை முன்னிட்டு வேலையை மாற்று என்று பரந்த அளவில் கூறிய அரசு ஆவணம் அது. அது அறிவுரை, சட்டமன்று. அலுவலக மேசைக்குப் பொருந்திய அளவு அது கப்பல் தளத்துக்கோ வார்ப்பாலைக்கோ பொருந்தவுமில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் (2020) குறிப்பிட்ட வயதும் வகையும் சார்ந்த பணியாளர்க்குக் கட்டணமற்ற ஆண்டுப் பரிசோதனையை முதலாளியின் கடமையாக்குகிறது. பரிசோதனையில் நோய் தெரியவந்தால் வேலையை மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்னும் அடுத்த படி அக்கடமையில் இணைக்கப்படவில்லை. அந்தப் படியின்றி நிகழும் பரிசோதனை, 1891ஆம் ஆண்டுச் சான்றளிக்கும் மருத்துவரின் தகுதி, தகுதியின்மைக் கணக்குக்கே திரும்பிச் செல்லும் வாய்ப்பு மிகுதி.

ஏடுகளின் நிலையும் இதனோடு தொடர்புடையது. பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது; எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் நிறுத்தப்பட்டது. அஸ்பெஸ்டாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலை அந்நிலையத்துக்குப் பொருத்திப் பார்த்தால், 1970-இல் இருபது வயதில் சேர்ந்து 58 வயதில் ஓய்வுபெற்ற ஒருவரின் உடல்நல ஏடு 2023 வரை இருந்திருக்க வேண்டும். அதாவது நிலையம் மறைந்து ஆறாண்டுகளுக்குப் பின்னும். நிலைத்த தொழிலாளியின் ஏட்டைக் கேட்க மின்வாரியத்தின் வழிவந்த நிறுவனமேனும் உண்டு. அங்கே சாம்பல் அள்ளிய ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் இருந்தது ஒப்பந்ததாரரின் வருகைப் பதிவேட்டில் மட்டுமே.